மைதாப் பசை நீர்த்துப்போகிறது, அட்டை வளைகிறது: தொடர்கதை பைண்டிங்குக்கு உதவி தேவை

மீனா_திருச்சி:
வணக்கம். வார இதழ்களிலிருந்து அம்மா பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்த தொடர்கதைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நூலால் தைத்துவிட்டேன், அட்டை போடுவதில்தான் சிக்கல். கொதிக்கும் நீரில் மைதாவைத் தூவிக் கிளறிப் பசை காய்ச்சுகிறேன். கட்டி தட்டுகிறது. மறுநாள் பார்த்தால் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறது, புளித்த வாடை வேறு. ஒட்டிய அட்டையும் காய்ந்ததும் வளைந்துகொள்கிறது. மயில்துத்தம் போட்டால் பசை கெடாது, பூச்சியும் அண்டாது என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் தயங்குகிறேன். கடையில் விற்கும் வெள்ளைப் பசைக்கே மாறிவிடலாமா?

பைண்டர்_மதுரை:
மாற வேண்டாம் அம்மா. உலர்ந்த மாவு கொதிநீரில் விழுந்தால் அதன் வெளிப்புறம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே தங்கிவிடும். கட்டி வருவது அதனால்தான். ஒரு கிண்ணம் மைதாவை முதலில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னும் மூன்று நான்கு கிண்ணம் நீரைச் சூடாக்கி, கரைசலை அதில் ஊற்றிச் சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் மங்கிப் பளபளப்பு வரும், கரண்டி கனக்கும். அதற்கு முன்பே இறக்கிவிட்டால் வேகாத மாவு அடியில் படிந்து நீர் மேலே நிற்கும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

நம் வெயிலுக்கு எந்த மாவுப் பசையும் புளிக்கத்தான் செய்யும். அன்றைய வேலைக்கு வேண்டியதை அன்றே காய்ச்சுங்கள். மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வாடை வந்ததைக் கொட்டிவிடுங்கள்.

வேதியியல்_ஆசிரியை:
மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். விழுங்கினால் நஞ்சு; தவழும் குழந்தை எதையும் வாயில் வைக்கும். தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது மட்டுமில்லை, தாமிரம் காகிதத்தின் செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். மயில்துத்தத்துக்குப் பதிலாகச் சிலர் பசையில் போடும் படிகாரமும் அமிலத் தன்மை கொண்டது. வார இதழ்த் தாள் ஏற்கெனவே அமிலத்தால் பழுத்து நொறுங்கும் தாள், அதன் மேல் இன்னும் அமிலம் எதற்கு? இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் பூஞ்சையைச் சற்றுத் தள்ளிப்போடும், அது போதும்.

அம்மா சேர்த்தது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பழைய நூல்களைப் பராமரிப்பவர்கள் முழு மாவைப் பயன்படுத்துவதில்லை, கோதுமை ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தை, மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே செய்யலாம். மைதாவைச் சப்பாத்தி மாவாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு பாத்திர நீருக்குள் வைத்துக் கசக்குங்கள். கையில் ரப்பர் போல இழுபடும் புரதம் மிஞ்சும். வெண்மையாகக் கலங்கிய நீரில் இருப்பது ஸ்டார்ச். அதைத் தெளியவிட்டு, மேல் நீரை வடித்து, அடியில் படிந்ததைக் காய்ச்சுங்கள். ஏறத்தாழ 60 பாகையிலேயே ஸ்டார்ச் உப்பத் தொடங்கிவிடும், ஆனாலும் முழுவதும் வேகும் வரை கிளறுங்கள். இந்தப் பசை பிற்காலத்தில் நீர் பட்டால் இளகும். நாளை யாராவது பிரித்துச் சரிசெய்ய நினைத்தால் தாள் கிழியாமல் பிரிக்கலாம். காய்ந்துவிட்ட வெள்ளைப் பசையில் அது எளிதில் நடக்காது.

தச்சு_சேலம்:
பாலில் வினிகர் விட்டுத் திரித்து, அந்தத் திரட்டைக் கழுவிச் சமையல் சோடா சேர்த்தால் நல்ல பசை கிடைக்கும். முயன்று பாருங்களேன்.

பைண்டர்_மதுரை:
மரத்துக்கு அது உறுதியான பசைதான் ஐயா. தாளுக்கு வேண்டாம், காய்ந்தால் விறைத்து, மடிக்கும் இடத்தில் வெடிக்கும்.

அட்டை வளைவதற்கு வருகிறேன். ஈரத் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். வெளிப்பக்கம் தாள் ஒட்டினால் உட்பக்கமும் ஒட்டுங்கள், இழுப்பு சமமாகிவிடும். அட்டையை இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில் வளைக்கும்போது விழும் மடிப்புக் கோடு, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒட்டுகிற தாளுக்கும் அப்படியே. பசையை மெல்லிதாகத் தடவி, அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றுங்கள். ஈரமான தாள்களை அவ்வப்போது மாற்றி, நன்றாகக் காயும் வரை எடுக்காமல் வையுங்கள்.

மீனா_திருச்சி:
மிக்க நன்றி. கரைத்து ஊற்றிக் காய்ச்சியதில் கட்டியே இல்லை. முதல் தொகுப்பு எடைக்குக் கீழே இருக்கிறது. பூச்சிக்கு மட்டும் வழி சொல்லுங்கள். பெட்டியில் வெள்ளி நிறப் பூச்சிகள் ஓடுகின்றன.

வேதியியல்_ஆசிரியை:
அவை மாவுப் பசையைத் தின்ன வருபவை. ஈரப்பதம் இருக்கும் இடத்தில்தான் பெருகும். பெட்டியைக் காலி செய்து துடைத்து வெயிலில் காயவையுங்கள், தாள்களை நிழலில் உதறுங்கள். பைண்டிங் முடிந்தவற்றைச் சுவரை ஒட்டாமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் நிமிர்த்தி வைத்து, மாதம் ஒரு முறையாவது எடுத்துப் புரட்டுங்கள்.