கர்சிவ் எழுத்து இன்றும் தேவைதானா?

கேள்வி (கோத்தகிரி):
மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நான்கு வரி நோட்டில் தினமும் ஒரு பக்கம் கர்சிவ் (ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதும் முறை) எழுதுகிறாள். ‘எஃப்’ எழுத்தின் கீழ்வளைவு கோட்டைத் தாண்டினால் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறார்கள். விண்ணப்பங்களையே கைப்பேசியில் நிரப்பும் இக்காலத்தில் இந்த உழைப்பு எதற்கு?

பதில் (கொடைக்கானல்):
அன்றாடத் தேவை என்று நான் சொல்லமாட்டேன். வங்கிக் கையொப்பத்தைத் தமிழிலேயே போடலாம். மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்திருந்தால் போதும். மருந்துச் சீட்டைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிடல்) எழுதவேண்டும் என்று 2016-இல் மருத்துவர்களுக்கான விதியே திருத்தப்பட்டது.

பதில் (குன்னூர்):
எழுதுவதை விடுங்கள், வாசிக்கத் தெரியவேண்டாமா? எங்கள் வீட்டிலுள்ள பழைய ஆங்கிலக் கிரயப் பத்திரம் முழுவதும் சேர்த்தெழுதிய கையெழுத்தில் இருப்பதால், ‘என்’ எது, ‘யூ’ எது என்று பிரித்தறியக் கல்லூரியில் படிக்கும் என் மகனே திணறுகிறான். அமெரிக்காவில் 2010-இல் வெளியான பொதுப் பாடத்தரத்தில் கர்சிவ் இடம்பெறவில்லை. ஆனால் கலிபோர்னியா 2024 முதல் அதை ஆறாம் வகுப்புவரை மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. (அங்கே கைவிட்டதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், இங்கே நாம் கைவிடலாமா என்று கேட்கிறோம்!)

பதில் (கூடலூர்):
பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளைப் பிள்ளைகள் இன்றும் கையால்தான் எழுதுகிறார்கள். அங்கே வேகமும் தெளிவும் வேண்டும். வளைவின் அழகுக்குத் தனி மதிப்பெண் இல்லை. எனவே எழுத்துகளை இனங்காணும் அளவுக்குப் பழக்கிவிட்டு, பக்கக் கணக்கைக் குறைக்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.