ஆபீஸ் வைஃபையில் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை: உதவி தேவை

இடம் மண்டபம், இறால் ஏற்றுமதி ஆபீஸ். ரூட்டர் மைக்ரோடிக் எச்ஏபி ஏசி2, ரூட்டர்ஓஎஸ் 7. கண்காணிப்பு உண்டு என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியாச்சு. மெசேஜைப் படிக்கும் எண்ணமில்லை, தளத்தின் பெயரும் டேட்டா அளவும் போதும்.

போன மாதம் சில போன்களை மாற்றியதிலிருந்து சிக்கல். போன்கள் நிஜ அடையாள எண்ணை மறைத்துக் காட்டும் ரேண்டம் மேக் முகவரியால் டிஎச்சிபி பட்டியலில் (ரூட்டர் ஐபி கொடுத்த சாதனங்களின் பட்டியல்) யார் யாரென்று தெரியவில்லை. ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் (தளப் பெயர்த் தேடலை மறைகுறியாக்கி வெளி சர்வருக்கு அனுப்பும் வசதி) வேறு, டிஎன்எஸ் லாக் பாதி காலி.

சாதாரண டிஎன்எஸ் போகும் போர்ட் 53-ஐ ரூட்டருக்கே திருப்பினேன். பிரைவேட் டிஎன்எஸ் போகும் 853-ஐ அடைத்ததும் 'ஆட்டோமேட்டிக்'கில் இருந்த போன்கள் வழிக்கு வந்தன. டிஎன்எஸ் பெயரைக் கையால் போட்டவர்களுக்கு நெட்டே வரவில்லை. குரோம் சாதாரண எச்டிடிபிஎஸ் போர்ட் 443 வழியாக டிஎன்எஸ் கேட்பதை நிறுத்த 443-ஐயே அடைக்க முடியாது, அடைத்தால் கஸ்டம்ஸ் தளமும் போய்விடும். மறைகுறியாக்கத்தைப் பிரிக்க அவரவர் சொந்த போனில் சர்டிபிகேட் ஏற்றுவது நியாயமில்லை, அதைத் தொடவில்லை. கரண்ட் போனால் மெமரி லாக் அழிகிறது என்பதால் சிஸ்லாக்கை (ரூட்டரின் லாக் பதிவுகள்) பில்லிங் கம்ப்யூட்டருக்கு (யுடிபி 514) அனுப்புகிறேன். அது ஒழுங்காக நடக்கிறது.

ஆளுக்கொரு லாகின் கொடுத்து டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸுக்கு மாறலாம் என்று யோசனை. இந்த ரூட்டரின் 16 எம்பி ஃபிளாஷில் யூசர் மேனேஜர் பேக்கேஜ் (லாகின்களைச் சரிபார்க்கும் மைக்ரோடிக்கின் சர்வர்) தாக்குப்பிடிக்குமா, இல்லை அதே வேலைக்கான ஃப்ரீரேடியஸைத் தனி ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில்தான் ஓட்டணுமா?