முழுவதும் படிக்காத நூலைப் பற்றி எழுதலாமா?

இடைவரி எழுதியது:

நூலை முழுவதும் படித்து முடிக்காதவர் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற எண்ணம் வாசகர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை மறுத்து வாதிடவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அண்மையில் 480 பக்க நாவல் ஒன்றை 150ஆம் பக்கத்தில் மூடிவைத்தேன். எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்பதை முதல் வரியிலேயே தெரிவித்துவிட்டு ஒரு குறிப்பும் எழுதி வெளியிட்டேன். வழக்கு அந்த நூலின் மீது அன்று என்பதால் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். குறிப்பின் சாரம் இது: “முதல் அத்தியாயத்தில் பெரியப்பா என்று வருகிறவர் மூன்றாம் அத்தியாயத்தில் பெயரால் சுட்டப்படுகிறார், இருவரும் ஒருவரே என்று ஊகிக்க ஐம்பது பக்கங்கள் ஆயின. காலம் முன்னும் பின்னும் தாவுகிறது, தாவியதற்கு எந்த அடையாளமும் இல்லை. வருணனைகள் அழகாக இருக்கின்றன. பாத்திரங்களைக் கையாளத் தெரியாதவர் எழுதிய நாவல்.” மதிப்பெண்ணாக இரண்டு நட்சத்திரங்கள் இட்டேன்.

வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை நான் சொன்னது சரியா தவறா என்று ஆராயவில்லை. சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டா என்றே கேட்டன. பிரெஞ்சு எழுத்தாளர் தனியேல் பென்னாக் 1992இல் வாசகனின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது, நூலை முடிக்காமல் விடும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். விட்டுவிட உரிமை உண்டு, ஏன் விட்டேன் என்று சொல்ல மட்டும் உரிமை இல்லை என்பது விந்தையான நியாயம். அடுத்து எதைப் படிக்கலாம் என்று தேடுகிறவருக்கு, முடித்தவர்களின் பாராட்டு எவ்வளவு பயன்படுமோ அவ்வளவு பயன்படும், நடுவில் இறங்கிப் போனவர் சொல்லும் காரணமும்.

ஏடுகாத்தவன் எழுதியது:

நண்பர் இடைவரி அவர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. முழுவதும் படித்ததாகப் பாவனை செய்து, பின்னட்டை வாசகங்களைத் திருப்பி எழுதுவோர் மலிந்திருக்கும் இடத்தில், நிறுத்திய பக்கத்தைச் சொல்லிவிட்டு எழுதுகிறவர் எவ்வளவோ மேல். என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்திருப்பதை நாம் அறிவோம். அவற்றை இந்தக் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். வழூஉச்சொல் புணர்த்தல், அதாவது பிழையான சொற்களைக் கையாளுதல், முதல் பக்கத்திலேயே பல்லிளித்துவிடும். பொருளற்ற வெறும் சொற்களை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தலை அறியவும் சில பக்கங்கள் போதும். ஆனால் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக முரண்பட்டுப் பேசும் மாறுகொளக் கூறலைக் கண்டுகொள்ள அந்த இரண்டு இடங்களையும் படித்திருக்க வேண்டும். சென்று தேய்ந்து இறுதல், அதாவது தொடக்கத்தில் இருந்த வலு போகப் போகக் கரைந்து முடிவது, கடைசிப் பக்கத்துக்குப் போனவருக்கு மட்டுமே தெரியும். சொற்கள் இருந்தும் பயன் ஒன்றும் தராமல் போகும் நின்று பயன் இன்மையும் அப்படியே. நீங்கள் சாட்டும் குற்றம், அதாவது பொருள் தெளியாமல் குழப்பும் மயங்க வைத்தல்தான் இடைநடுவில் நிற்கிறது. நடுப்பகுதி வரை குழப்பமாகத் தோன்றியது பின்னர் விளங்கிவிட்டால் அது குற்றமே அன்று, உத்தி. விளங்காமலே போனால்தான் குற்றம். அதைத் தீர்மானிக்கத் தேவையான 330 பக்கங்களை நீங்கள் படிக்கவில்லை. மனம் கசந்து போன நிலையில் அவற்றைப் படிக்கச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. தீர்ப்பை மட்டும் படித்தவர்களுக்கு விட்டுவிடுங்கள் என்கிறேன்.

நிலாமுற்றம் எழுதியது:

இருவரும் ஒற்றை வாசகரை மனத்தில் வைத்து வாதிடுகிறீர்கள். மதிப்பெண்கள் நூற்றுக்கணக்கில் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பல பாகங்களாக வரும் தொடர் நாவல்களைக் கவனியுங்கள். முதல் பாகத்தைக் காட்டிலும் மூன்றாம் நான்காம் பாகங்களின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருப்பதை அடிக்கடி காணலாம். எழுதுகிறவர் பாகத்துக்குப் பாகம் மெருகேறினார் என்பதற்கு அது சான்றாகாது. பிடிக்காதவர்கள் முதல் பாகத்தோடு விலகிவிட்டார்கள். எஞ்சியவர்கள் எல்லாரும் முன்பே விரும்பியவர்கள். முடித்தவர் மட்டுமே பேசலாம் என்று விதி செய்தால், ஒவ்வொரு தனி நூலுக்கும் இதே திரிபு நேரும். சலித்துப் போய் விலகியவர்களின் மௌனம், கேட்கிறவருக்குச் சம்மதம் போலத் தோன்றிவிடும்.

விலகுகிறவர்கள் ஒருவர் இருவர் அல்லர் என்பதற்கும் குறிப்பு உண்டு. கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எல்லன்பர்க் 2014இல், அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் வாசகர்கள் அதிகமாக அடிக்கோடிட்ட வரிகள் நூலின் எந்தப் பகுதியில் கிடக்கின்றன என்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். அப்போது பெரும் விற்பனையில் இருந்த தாமா பிக்கெட்டியின் பொருளியல் நூலில் அந்த வரிகள் சராசரியாக முதல் 2.4 விழுக்காட்டுக்குள் முடிந்துவிட்டன. இது அவரே விளையாட்டாகச் செய்த கணக்கு, அடிக்கோடிடாமலும் படிக்கலாம் என்பதால் இதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆயினும் வாங்கியவர், தொடங்கியவர், முடித்தவர் ஆகிய மூவரும் வேறு வேறு கூட்டத்தார் என்பதை இது நன்றாகவே காட்டுகிறது.

பரிசுகளும் இப்படித்தான் கணக்கைக் குலைக்கின்றன. கோவாச், ஷார்க்கி என்ற ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், பரிசு பெற்ற நூல்களையும் இறுதிப் பட்டியலோடு நின்ற நூல்களையும் ஒப்பிட்டார்கள். பரிசு அறிவிக்கப்பட்ட பின் வென்ற நூல்களின் வாசகர் மதிப்பெண் சரிந்தது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பரிசின் பெயரைக் கேட்டு, அந்த வகை எழுத்தில் நாட்டமில்லாதவர்களும் வந்து சேர்ந்தது அதற்கு ஒரு காரணம்.

ஆகவே இடைவரி அவர்கள் எழுதியதை வரவேற்கிறேன். இரண்டு நட்சத்திரங்கள் இட்டதை வரவேற்கவில்லை. குறிப்பைப் படிப்பவர் 150ஆம் பக்கம் என்ற செய்தியையும் சேர்த்தே படிக்கிறார். நட்சத்திரமோ சராசரிக்குள் கரைந்து, எந்தப் பக்கத்தில் பிறந்தது என்ற அடையாளத்தை இழந்துவிடுகிறது.

தும்பி எழுதியது:

சிறுகதைத் தொகுப்பில் பாதியைப் படித்தவருக்கும் நாவலில் பாதியைப் படித்தவருக்கும் ஒரே சட்டம் பொருந்துமா? ஆறு கதைகளை முழுமையாகப் படித்தவர் அந்த ஆறு கதைகளைப் பற்றித் தயங்காமல் எழுதலாம் என்றே நினைக்கிறேன். கட்டுரைத் தொகுப்புகளுக்கும் கவிதைகளுக்கும் இதுவே பொருந்தும். எனவே நாவலுக்கும், தொடர்ச்சியான வாதத்தை முன்வைக்கும் நூல்களுக்கும் மட்டும் இந்த விவாதத்தை நிறுத்திக்கொண்டால் நல்லது.

ஏடுகாத்தவன் எழுதியது:

தும்பி சொன்னதை ஏற்கிறேன்.

இடைவரி அவர்களே, பெயரைச் சொல்லாவிட்டாலும் நீங்கள் குறிப்பிடும் நாவல் எது என்று அந்தப் பெரியப்பாவை வைத்தே கண்டுகொண்டேன். நான் அதை முழுவதும் படித்தவன். 310ஆம் பக்கத்தை ஒட்டி அந்தக் குடும்பத்தில் ஒரு பெரும் பிளவு நேர்கிறது. கதை சொல்லும் இளைஞன் அன்றைய இரவுக்குப் பின் அந்த மனிதரை உறவுமுறை சொல்லி அழைப்பதே இல்லை. பெரியப்பா என்று வரும் அத்தியாயங்கள் எல்லாம் பிளவுக்கு முற்பட்டவை; பெயர் வரும் அத்தியாயங்கள் எல்லாம் பிற்பட்டவை. ஆண்டையோ மாதத்தையோ எங்கும் குறிப்பிடாமல், ஒருவரை எப்படி அழைக்கிறான் என்பதைக் கொண்டே காலத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார் ஆசிரியர். அதை உணர்ந்தவுடன் நான் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினேன். அந்த மனிதர் சிறுவனுக்குச் செருப்பு வார் தைத்துக் கொடுக்கும் காட்சியை முதல் முறை சாதாரணமாகக் கடந்து போயிருந்தேன். இரண்டாம் முறை அதைப் படிக்கவே முடியவில்லை.

காலத் தாவலுக்கு அடையாளமே இல்லை என்று நீங்கள் எழுதினீர்கள். அடையாளம் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. உங்கள் குறிப்பை நம்பி இந்த நூலைத் தவிர்க்கிறவர், இல்லாத ஒரு குற்றத்துக்காகத் தவிர்ப்பார். எழுதியவர் முதல் நாவலோடு வந்திருப்பவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம்; பெயர் பெற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அடியை அவரால் தாங்க முடியாது.

நிலாமுற்றம் எழுதியது:

கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். நியூயார்க் டைம்ஸ் மதிப்புரைகளையும் நூல் விற்பனையையும் ஒப்பிட்டு, பெர்கர், சோரன்சன், ராஸ்முசன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. பாதகமான மதிப்புரை, பெயர் பெற்ற எழுத்தாளர்களின் விற்பனையைக் குறைத்தது. அறிமுகமற்றவர்களின் விற்பனையை ஏறத்தாழ 45 விழுக்காடு உயர்த்தியது. நாளடைவில் பலருக்கு மதிப்புரையின் கசப்பு மறந்து, நூலின் பெயர் மட்டும் நினைவில் நின்றுவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். புதியவருக்குப் பெரும் பகை யாரும் எழுதாமல் விடுவதுதான்.

இடைவரி எழுதியது:

ஏடுகாத்தவன் அவர்களின் விளக்கம் அருமையானது. அந்த நூலைப் பற்றி இதுவரை வந்த எந்த மதிப்புரையிலும் இவ்வளவு கூர்மையான பார்வையை நான் காணவில்லை. ஆனால் அது என் வாதத்தை வீழ்த்தவில்லை. 310ஆம் பக்கம் வரை வாசகரை இருளில் நடத்துவது என்று ஆசிரியர் முடிவு செய்திருக்கிறார். துணிச்சலான முடிவுதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வழியில் எத்தனை பேர் திரும்பிப் போவார்கள் என்பதே அந்த விலை. விடை கிடைக்கிறது என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். அது கிடைக்கும் வரை வழி எப்படி இருந்தது என்று நான் சாட்சி சொல்கிறேன். முடித்தவர்களுக்கு அந்த வழியின் அலுப்பு நினைவில் நிற்பதில்லை, முடிவின் ஒளியில் எல்லாமே தேவையாகத் தோன்றிவிடுகிறது.

பரிந்துரை என்பது நூலைப் பற்றிய தீர்ப்பு மட்டும் அன்று, அதை இன்னாரிடம் கொடுக்கலாமா என்ற முடிவும் ஆகும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர்கள் ஒரு நூலுக்குள் நுழையும் வாயில்கள் கதை, பாத்திரம், களம், மொழி என நான்கு என்பார். நான் பாத்திரத்தின் வழியே நுழைகிறவன். இந்த நாவலில் அந்த வாயில் நெடுநேரம் சாத்தியே கிடக்கிறது. மொழியின் வழியே நுழைகிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே திறந்திருக்கக்கூடும். அதனால்தான் வருணனைகள் அழகு என்பதையும் சேர்த்து எழுதினேன். ஐம்பது பக்கம் வரை பொறுங்கள், அதற்கு மேல் உங்கள் விருப்பம் என்று சொன்னவரும் அதே பேர்ல்தான். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற அளவே பொறுத்தால் போதும் என்று சலுகையும் தந்தார். நான் அதைப் போல மூன்று மடங்கு பொறுத்தேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் 2015 முதல், படிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டே நூலாசிரியருக்குப் பணம் தருகிறார்கள். வாசகர் எங்கே நின்றார் என்பது விற்கிறவருக்குத் தெரிகிறது, அதைக் கொண்டு எழுதுகிறவரின் வருவாயும் அமைகிறது. சக வாசகருக்குச் சொல்வது மட்டும் முறைகேடாம்!

நட்சத்திரங்களைப் பற்றி நிலாமுற்றம் சொன்னது நியாயம். அவற்றை எடுத்துவிட்டேன்.

ஏடுகாத்தவன் எழுதியது:

நட்சத்திரங்கள் போனதில் மகிழ்ச்சி. இனி என் பூசல் உங்கள் குறிப்பின் ஒரே ஒரு வாக்கியத்தோடுதான். “இருவரும் ஒருவரே என்று ஊகிக்க ஐம்பது பக்கங்கள் ஆயின” என்பது உங்கள் வாசிப்பைப் பற்றிய செய்தி; அதை மறுக்க யாராலும் முடியாது. “பாத்திரங்களைக் கையாளத் தெரியாதவர்” என்பதோ எழுதியவரின் திறனைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு நீங்கள் படிக்காத பக்கங்களே சாட்சி. வழி கடினம் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுங்கள். வழி போட்டவருக்கு ஊர் தெரியாது என்று எழுத, ஊர் வரை போயிருக்க வேண்டும்.

இடைவரி எழுதியது:

ஒருவருடைய திறன் கடைசிப் பக்கத்தில்தான் வெளிப்படும் என்றால், அதுவரை அவரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாதா? 150 பக்கங்கள் ஒரு குறுநாவலின் நீளம். அந்த நீளத்துக்குள் முழு வாழ்க்கையை நிறுத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்த வாக்கியத்தை நீக்க எனக்கு மனமில்லை; “நான் படித்த வரையில்” என்ற சொற்களை மட்டும் முன்னால் சேர்க்கிறேன். உங்கள் விளக்கத்தையும் அதன் கீழே இணைக்க அனுமதி தாருங்கள்.

ஏடுகாத்தவன் எழுதியது:

அந்தச் சொற்கள் எனக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை, ஆனாலும் குறிப்பு உங்களுடையது. என் விளக்கத்தை அப்படியே இணைக்க வேண்டாம். நூலைக் காக்கும் வேகத்தில் அதன் முடிச்சை இங்கே அவிழ்த்துவிட்டேன். குறிப்பைப் படிக்கிறவர்களுக்கும் அது நேர வேண்டியதில்லை. பிளவு, உறவுமுறை எதையும் சொல்லாமல், “அழைப்புமுறையைக் கவனித்துக்கொண்டே 310ஆம் பக்கம் வரை செல்லுங்கள்” என்று மட்டும் எழுதினால் போதும். மேலே உள்ள என் பதிவுக்கும், கதை வெளிப்படும் என்ற எச்சரிக்கையை இப்போது முதல் வரியாகச் சேர்த்துவிட்டேன்.

தும்பி எழுதியது:

எச்சரிக்கை எனக்குக் காலம் கடந்து வந்தது, முடிச்சு தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் செருப்பு வார் காட்சியைப் படிக்க வேண்டும் போல இருக்கிறது. இருவரில் யாரேனும் நூலின் பெயரைத் தனிமடலில் அனுப்ப இயலுமா?