டி12 முறிவு: அண்ணன் மறுபடி வேலையில் உட்கார எங்கிருந்து தொடங்குவது?

நெல்லைத்தங்கை:
அண்ணன் எலக்ட்ரீஷியன், 31 வயது. சாரத்திலிருந்து விழுந்ததில் டி12 (முதுகெலும்பில் மார்புப் பகுதியின் கடைசி எலும்பு) முறிந்து, ஆபரேஷன் ஆகி நான்கு மாதம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. யூரின் ட்யூப் போட்டபடியே இருக்கிறார். வீல்சேர் வாங்கியாச்சு, ஆனால் வாசலுக்குக்கூட வர மாட்டேன் என்கிறார். "எந்த நேரம் என்ன ஆகுமோ" என்பதே பேச்சு. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொல்கிறார்கள்.

பிசியோ_மதுரை:
அவர் பேச்சிலேயே விடை இருக்கிறது, சகோதரி. சிறுநீரும் மலமும் எப்போது வரும் என்று தெரியாதவரை யாருக்குத்தான் வெளியே வர மனம் வரும்? முதலில் அந்த இரண்டையும் கடிகாரத்துக்குள் கொண்டுவாருங்கள். எண்ணெய் தேய்த்துத் தண்டுவட நரம்பு ஒட்டாது. சூடாகத் தேய்த்தால் தோல் வெந்துபோகும், அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

போட்டே வைத்திருக்கும் ட்யூப்பை எடுத்துவிட்டு, அவரே அவ்வப்போது விட்டு எடுக்கும் முறைக்கு மாறலாமா என்று யூராலஜி டாக்டரிடம் கேளுங்கள். கை இரண்டும் நன்றாக இருப்பவர் பழகிவிடுவார். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் 12 அல்லது 14 நம்பர் ட்யூப். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஜெல் தடவி. ஒவ்வொரு முறையும் அளவை நோட்டில் எழுதுங்கள். 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். ஒழுகுமே என்று பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள்; கல்லும் கிருமித்தொற்றும் அப்படித்தான் வருகின்றன.

மலத்துக்கும் ஒரே நேரம்: தினமும் காலைச் சாப்பாடு முடிந்து 20–30 நிமிடத்தில். டி12 காயத்தில் குடலின் அனிச்சைச் செயல் அற்றுப்போவதுண்டு. அப்படியானால் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையால் பெரிய பலன் இருக்காது. கையுறை மாட்டி, ஜெல் தடவி, விரலால் எடுக்க வேண்டியதுதான். அவரே செய்யக் கற்றுக்கொள்ளட்டும். இளகினால் நாளெல்லாம் கசியும், அதனால் பேதி மருந்தை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

சக்கரம்_கோவை:
வீல்சேரில் என்ன மெத்தை போட்டிருக்கிறீர்கள்? மடித்த போர்வையும் நடுவில் ஓட்டை போட்ட காற்று வளையமும் ஆகாது. வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பிசியோ பார்த்துச் சொல்லும் குஷன் வாங்குங்கள். கால்தாங்கி உயரமாக இருந்தால் தொடை தூக்கிக்கொண்டு, எடை முழுக்க உட்காரும் எலும்பில் இறங்கும். புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அரை மணிக்கு ஒருமுறை மார்பு தொடையில் படுகிற மாதிரி முன்னால் குனிந்து 2 நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். கையூன்றி ஐந்து நொடி எழும்புவது போதாது, தோளும் கெடும். இரவில் கண்ணாடி வைத்துப் பிட்டத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால், அது மறையும்வரை உட்காரக் கூடாது.

வாசல் சரிவு 1க்கு 12. படி 30 செ.மீ. உயரம் என்றால் 360 செ.மீ. நீளம். கொத்தனார் "இவ்வளவு எதுக்கு" என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். குளியலறைக் கதவு திறந்தால் 80 செ.மீ.யாவது வழி வேண்டும்.

நெல்லைத்தங்கை:
நன்றி அண்ணா. வேலை?

பழுதுமேசை:
கம்பம் ஏறுவதுதான் போயிற்று, தொழில் போகவில்லை. மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு போர்டு, மோட்டார் வைண்டிங் எல்லாம் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மேசைக்கு அடியில் 70–75 செ.மீ. காலியாக இருந்தால் முட்டி உள்ளே போகும். முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும்.

சாலிடரிங் அயர்ன்தான் எனக்குப் பயம். முனை 350 டிகிரி; மடியில் விழுந்தால் சதை வேகும் வாடை வந்த பிறகுதான் தெரியும். ஸ்டாண்டை மேசையில் திருகி முடுக்குங்கள், மடியில் பலகை வையுங்கள். டீ டம்ளருக்கும் இதே விதி.

பிசியோ_மதுரை:
தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் நடக்கிறது. தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனுக்கு அடிபட்டது கழுத்தில், கையும் வராது. ஒருநாள் அண்ணனைக் கூட்டிப்போங்கள், நாம் எழுதுவதைவிடப் பயன்படும். அடையாள அட்டை எடுத்தாச்சா? இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ முகாம் தேதி கேளுங்கள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம்.