அசாகுசாவில் ஒரு நாள்: அயிரை மீனும் முள்ளங்கிப் பிள்ளையாரும்

மதுரைக்காரன் எழுதியது:

தோக்கியோ போகிறவர்கள் எப்படியும் அசாகுசாவை எட்டிப் பார்த்துவிடுகிறார்கள். பெரிய சிவப்பு விளக்கின் கீழே நின்று ஒரு படம், கடைத்தெருவில் ஒரு நடை, சென்சோஜி கோயிலில் ஒரு கும்பிடு, அப்புறம் அடுத்த ரயில். இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். என்னைக் கேட்டால், அந்தப் பேட்டையின் ருசியே அந்த இரண்டு மணி நேரம் தாண்டித்தான் தொடங்குகிறது. ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

நான் கின்சா லைனில் போய் இறங்கினேன். 1927-ல் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே வெறும் 2.2 கிலோமீட்டருக்கு ஓடத் தொடங்கிய பாதை இது. ஆசியாவின் முதல் சுரங்க ரயில் என்பார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் நகமிசே கடைத்தெரு காலியாக இருக்கும். 250 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 90 கடைகள், எல்லாம் பூட்டிக் கிடக்கும். அந்த இழுப்புக் கதவுகளில் அசாகுசாவின் திருவிழாக்களையும் பழைய தெருக்காட்சிகளையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். கடை திறந்துவிட்டால் அவை சுருண்டு மேலே போய்விடும், பார்க்க முடியாது.

தெருவின் முகப்பில் இருப்பதுதான் காமினரிமோன், அதாவது இடி வாசல். வலப்பக்கம் காற்றுத் தேவன், இடப்பக்கம் இடித் தேவன், நடுவே அந்த விளக்கு: உயரம் 3.9 மீட்டர், எடை சுமார் 700 கிலோ. பார்க்கப் பழையதாகத் தெரியும் இந்த வாசல் உண்மையில் 1960-ல் கட்டியது. 1865 தீ விபத்தில் எரிந்துபோன பழைய வாசலுக்குப் பிறகு 95 ஆண்டுகள் அங்கே நிலையான வாசலே இல்லை. பானசோனிக் நிறுவனர் மத்சுஷிதா கோனோசுகே நோய் குணமானதற்கு நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொடுத்தார். விளக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள், அங்கே ஒரு டிராகன் செதுக்கியிருக்கிறது. படம் எடுக்கும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிப்பதில்லை.

மூலக்கோயில் கதையும் இதேதான். 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் சாம்பலாகி, 1958-ல் கான்கிரீட்டில் எழுந்தது. கூரை ஓடுகள்கூட இப்போது டைட்டானியம். "அப்படியானால் பழசு எங்கே?" என்று கேட்பவர்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அசாகுசா ஆலயம் 1649-ல் கட்டியது, குண்டுகளுக்குத் தப்பி நிற்கிறது. அதன் பக்கத்தில் உள்ள நிதென்மோன் வாசலும் தப்பியதுதான். கூட்டமெல்லாம் கான்கிரீட் கோயிலில் இருக்க, இந்த இரண்டும் அமைதியாக நிற்கின்றன. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கல்லும் மரமும் மாறினாலும் கும்பிடுகிற பழக்கம் அறுந்துபோகாத இடம் அது.

தலபுராணம் இப்படி: 628-ல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவர் வலையில் ஒரு சிறிய சிலை சிக்கியது. அது கன்னோன், அதாவது நம் அவலோகிதேசுவரர். அந்த மூலச்சிலையை யாருக்கும் காட்டுவதில்லை, முற்றிலும் மறைபொருள். கிட்டத்தட்ட ஒரு சிதம்பர ரகசியம். இங்கே ஒரு தமிழ்ச் சங்கதியும் சொல்ல வேண்டும். 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது இந்த அவலோகிதரிடம் என்கிறது. தமிழாசிரியர் சன்னிதி என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கும்பிட்டேன்.

நூறு யென் போட்டு, உலோக டப்பாவைக் குலுக்கி, வரும் குச்சியின் எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து சீட்டு எடுக்கும் வழக்கம் உண்டு. இந்தக் கோயிலில் நூறு சீட்டுக்கு முப்பது கெட்ட பலன் என்பது பழைய கணக்கு, மற்ற இடங்களைப் போலக் குறைக்கவில்லை. எனக்கும் கெட்டதுதான் வந்தது. அதை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம், கவலை வேண்டாம்.

சரி, சாப்பாடு. இதற்காகத்தான் நான் போனதே. காமினரிமோனிலிருந்து தெற்கே ஆற்றோரமாகச் சில நிமிடம் நடந்தால் கோமாகதா. அங்கே 1801-லிருந்து நடக்கும் ஒரு தோஜோ மீன் கடை இருக்கிறது. தோஜோ என்பது நம் அயிரையின் குடும்பம்தான், கொஞ்சம் நீளம். தரைத்தளத்தில் மேசை நாற்காலி கிடையாது. பிரம்புப் பாயில் வரிசையாக உட்கார வேண்டும், முன்னால் தரையோடு தரையாக ஒரு நீளப் பலகை, அதன்மேல் கரி அடுப்பு. உயிருள்ள மீனைச் சாகே மதுவில் போட்டு மயங்கவைத்து, மிசோ என்கிற நொதித்த சோயா விழுது கரைத்த இனிப்புச் சாறில் பொறுமையாக வேகவைத்து, பிறகு முழுசு முழுசாக ஒரு தட்டையான இரும்புச் சட்டியில் அடுக்கிக் கொண்டுவருகிறார்கள்.

எங்கள் ஊரில் அயிரையை உயிரோடு வாங்கி, பாலில் அல்லது தேங்காய்ப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவார்கள். சேற்று மீனின் மண்வாடையைப் போக்க இரண்டு ஊர்க்காரர்களும் மீன் உயிரோடு இருக்கும்போதே வேலையை ஆரம்பிக்கிறார்கள். இவர்கள் மதுவைத் தேர்ந்தெடுத்தார்கள், நாங்கள் பாலை. குடல் எடுப்பதில்லை, தலை கிள்ளுவதில்லை என்பதிலும் ஒற்றுமை.

நான் சட்டியைப் பார்த்தபடி விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மரப்பெட்டியில் இருந்த வெங்காயத்தாளைக் காட்டி "அள்ளிப் போடு" என்று சைகை செய்தார். ஒரு பிடி போட்டேன். தலையை ஆட்டினார், போதாதாம். மீனே தெரியாத அளவுக்கு மலையாகக் குவித்த பிறகுதான் திருப்தி அவருக்கு. தாள் வதங்கிச் சாறு வற்ற வற்ற, பக்கத்துப் பாத்திரத்திலிருந்து சாறு ஊற்றிக்கொள்ள வேண்டும். மேலே சான்ஷோ மிளகுத்தூள், நாக்கில் லேசாக மதமதப்பு. எலும்பு தெரியவே இல்லை. காரமும் புளியும் இல்லையே என்று முதல் வாய்க்கு ஒரு ஏக்கம், மூன்றாவது வாய்க்கு அது போய்விட்டது. கைப்பேசியில் அயிரை மீன் குழம்புப் படத்தைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கடைப் பணிப்பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று புரியவில்லை. குழம்பின் சிவப்பு நிறத்தைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்துச் சுமிதா ஆற்றோரப் பூங்கா வழியே வடக்கே நடந்தேன். அக்கரையில் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம், பீர் நிறுவனக் கட்டடத்தின் மேல் தங்கநிறத் தீக்கொழுந்துச் சிற்பம். கைரிக்‌ஷா இழுக்கும் இளைஞர்கள் கூப்பிட்டார்கள். அவர்களை நன்றாகவே நடத்துகிறார்களாம், சம்பளமும் மோசமில்லையாம். ஆனாலும் கலைஞர் ஆட்சியில் கைரிக்‌ஷாவை ஒழித்த மாநிலத்திலிருந்து போனவனுக்கு ஏறி உட்கார மனம் வரவில்லை.

பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஒரு சிறு மேடு. அதுதான் மத்சுச்சியாமா ஷோதென். சென்சோஜியைச் சேர்ந்த கிளைக்கோயில், ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் கண்ணில் அதிகம் படுவதில்லை. மூலவர் காங்கிதென். யார் அவர்? நம் பிள்ளையார்தான்! தாந்திரிக பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவர். ஜப்பானில் பெரும்பாலும் யானைத் தலையுள்ள இருவர் தழுவி நிற்கும் உருவம். அதையும் யாருக்கும் காட்டுவதில்லை. அர்ச்சகர்கள் மறைவாக எண்ணெய் முழுக்காட்டு நடத்துகிறார்கள்.

படைப்பது தேங்காயும் அருகம்புல்லும் இல்லை, முள்ளங்கி. கோயிலிலேயே விற்கிறார்கள், வாங்கி அப்படியே சன்னிதியில் வைக்க வேண்டும். படி, விளக்கு, கல் என்று எங்கு திரும்பினாலும் ஒன்றையொன்று பின்னிய இரட்டை முள்ளங்கியும், சுருக்குப் பையும் செதுக்கியிருக்கிறது. பை வியாபாரம் செழிக்க, முள்ளங்கி உள்ளத்து நஞ்சும் கோபமும் தீர. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் இந்தியாவின் பழைய கணபதிச் சிற்பங்கள் சிலவற்றின் கையிலும் முள்ளங்கி இருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டோம், அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

முள்ளங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் "இந்தோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, கையைத் தும்பிக்கை மாதிரி வைத்து "கணேஷா" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மேசையைக் காட்டினார். பூசை முடிந்த முள்ளங்கிகள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. பிரசாதம்! முழங்கை நீள முள்ளங்கியை முதுகுப்பையில் செருகிக்கொண்டு, இலை வெளியே ஆட, சாயந்திரம் வரை சுற்றினேன். விடுதி அறையில் அடுப்பு இல்லை. உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்றேன், நல்ல இனிப்பு.

சைவப்பட்சிணி எழுதியது:

அண்ணா, அயிரையைப் படித்ததும் பாதியில் மூடிவிடலாமா என்று பார்த்தேன், பிள்ளையார் காப்பாற்றினார். சைவக்காரர்களுக்காக என் பங்கு.

முட்டைகூடத் தொடாத அம்மாவோடு போயிருந்தேன். அங்கே பிரச்சினை கறி இல்லை, அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிரச்சினை தாஷி என்கிற அடிப்படைச் சாறு. சோபா நூடுல்சுக்குத் தரும் சாறு, காய்க் கூட்டு, டெம்புரா பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறு எல்லாவற்றிலும் பெரும்பாலும் கத்சுவோ மீன் சாறு இருக்கும். இலங்கை நண்பர்களுக்குச் சட்டென்று புரியும்: மாசிக் கருவாடு செய்யும் அதே சூரை மீன்தான், இங்கே புகைபோட்டுக் கட்டையாக்கிச் சீவுகிறார்கள். "சைவமா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், பொய் சொல்லவில்லை, சாறு அவர்கள் கணக்கில் மீனே இல்லை. "கத்சுவோ தாஷி வ ஹைத்தே இமாஸ் கா?" என்று கேளுங்கள், உண்மை வரும்.

அதனால் நாங்கள் சோற்றுக் கடைகளை விட்டுவிட்டு இனிப்பிலேயே வயிற்றை நிரப்பினோம். அம்மாவுக்குப் பிடித்தது இமோ யோகான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சர்க்கரை, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். கட்டியாக வெட்டி விற்கிறார்கள். விற்ற பெண்ணிடம் முட்டையா பாலா என்று நாங்கள் திணற, அவர் ஒரு தாளில் கிழங்கு படமும் சர்க்கரைக் கட்டியும் உப்புச் சீசாவும் வரைந்து, "முடிந்தது" என்கிற மாதிரி கீழே கோடு போட்டார். அம்மா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சின்னக் குச்சிகளில் பனிவரகு உருண்டையைச் செருகி, சோயா மாவில் புரட்டித் தரும் கிபி தாங்கோவும் நல்லது, சுடச்சுடத் தருவார்கள். காமினரி ஓகோஷி என்பது அரிசிப் பொரியைப் பாகில் சேர்த்துக் கட்டியாக்கியது. நிலக்கடலை போட்டது கிடைக்கும், ஊருக்கு வாங்கிவர அதுதான் தோது. கோயில் உருவங்களில் வார்த்த நிங்யோயாகியிலும் மெலன் பன்னிலும் முட்டை உண்டு. எண்ணெயில் பொரித்த மஞ்சு (பூரணம் வைத்த மாவு உருண்டை) வாங்கினால் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கோயில் வளாகத்திலேயே ஒரு மேட்டில் பென்தென் சன்னிதி இருக்கிறது. நம் சரஸ்வதி. அங்கே அவருக்கு நரைத்த தலை, வயதான சரஸ்வதி! ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மா ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

நிஷிகசாய் வாசி எழுதியது:

இங்கே வேலை பார்ப்பவன் என்ற முறையில் சில குறிப்புகள்.

நகமிசேயில் வாங்கியதைக் கடை முன்னால் நின்றே தின்றுவிட்டு நகருங்கள். நடந்துகொண்டே தின்றால் கடைக்காரர்களே நிறுத்தச் சொல்வார்கள். குப்பைத் தொட்டியைத் தேடி அலையாதீர்கள், வாங்கிய கடையிலேயே குச்சியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

வாசலுக்கு எதிரே உள்ள சுற்றுலாத் தகவல் மையத்தின் 8-ஆம் மாடிக்குக் காசில்லாமல் ஏறலாம். கெங்கோ குமா வடிவமைத்த கட்டடம், 2012-ல் திறந்தது. கடைத்தெருவும் கோயிலும் ஒரே நேர்கோட்டில் தெரியும். கால் வலிக்காதவர்கள் மேற்கே கப்பாபாஷி வரை போகலாம். சமையல் பாத்திரம், கத்தி, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் சாப்பாட்டு மாதிரிகள் எல்லாம் விற்கும் தெரு. கத்தி வாங்கினால் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், கைப்பையோடு விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

மே மாதம் மூன்றாவது வார இறுதியில் சான்ஜா திருவிழா. அந்தச் சிலையை எடுத்த அண்ணன் தம்பி, அதை வைத்து வழிபட்ட இன்னொருவர் என மூன்று பேருக்கான விழா. பல்லக்குகள் போக வசதியாக அந்தப் பெரிய விளக்கையே மேலே மடித்துவிடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. எனக்குப் பிடித்தது ஜூலை 9, 10 சந்தை. 10-ஆம் தேதி கும்பிட்டால் 46,000 நாள் கும்பிட்ட புண்ணியமாம். வளாகம் முழுக்க ஹோசுகிச் செடிகள், நம் சொடக்குத் தக்காளி இனம், ஆரஞ்சு நிறத்தில் கூடு கூடாகத் தொங்கும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு காற்றுமணி.

முள்ளங்கிப் பிள்ளையாருக்கு ஜனவரி 7 விசேஷம். வெந்த முள்ளங்கியும் சாகேயும் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுப் போனேன். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பகுதிக் கடைக்காரர்கள், ஒருவருக்கொருவர் வியாபாரம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி, முள்ளங்கியை எப்படி ஊதி ஊதித் தின்ன வேண்டும் என்று செய்தே காட்டினார். மற்ற நாட்களில் போவதாக இருந்தால் மாலை நாலரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு சாத்திவிடுவார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு ஒரு குட்டி ரயில் பெட்டி மேலே ஏற்றிவிடும், கட்டணம் இல்லை.