பழைய தோட்டாவுக்கு எந்த மருந்து போடலாம்?

வட்டைக்காரன், வெல்லாவெளி:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பா காலத்து லைசென்ஸ் துவக்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. 12 போர், ஒற்றைக் குழல். முன்மாரி வேளாண்மை குடலையில் நிற்கிறது, இரவானால் பன்றி. தோட்டா 9 மிச்சம். மாரி ஈரத்தில் கடதாசிக் கோதெல்லாம் ஊதிவிட்டது, துவக்குக்குள் இறுக்கமாகத்தான் போகிறது. போன கிழமை ஒன்று அடித்தேன், வெடிக்கிற சத்தமே இல்லை, புஸ்ஸென்று போய்விட்டது.

ரிவால்வர் தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து போடுகிற வீடியோக்கள் பார்த்தேன். ஆளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். வயல் வாடியில் யானை விரட்டுகிற யானை வெடி நாலு கிடக்கிறது. அதை உடைத்து, அந்த மருந்தை வெற்றுக் கோதில் போட்டால் சரிவருமா?

படுவான்கரையான், ஸ்காபரோ:
தம்பி, யானை வெடியை உடைக்கவே வேண்டாம். மிச்சத்தைப் பிறகு வாசி.

நான் இங்கே லைசென்ஸ் எடுத்து, ரேஞ்சில் .38 ஸ்பெஷல் ரிவால்வர் சுடுகிறவன். தோட்டாவும் நானே நிரப்புகிறேன். எல்லாவற்றையும் மருந்து என்றுதான் சொல்கிறோம், ஆனால் வேலை வேறு. யானை வெடிக்குள் இருப்பது ஒரே அடியில் வெடித்துச் சத்தம் போடுவதற்கு. தோட்டா மருந்து எரிந்து, காற்றாகி, ஈயத்தைத் தள்ளுவதற்கு. முதலாவதைக் குழலுக்குள் வைத்தால் இரும்பு தாங்காது. உடைக்கும்போது உரசினாலே கை போய்விடும்.

.38 ஸ்பெஷல் குறைந்த அழுத்தத்துக்கானது. அதனால் .38க்குச் சீக்கிரம் எரிகிற மருந்து வேண்டும்: புல்ஸ்ஐ, யுனீக் மாதிரி. அதைவிட வலுவான .357 மேக்னத்தின் முழு வேகத்துக்கு எச் 110 மாதிரி மெதுவானது. அதைப் பயந்து குறைத்துப் போட்டாலும் பிழைதான், சரியாக எரியாமல் ஈயம் குழலில் சிக்கும். ஆகவே எது நல்ல மருந்து என்று பொதுவாகக் கேட்கவே முடியாது.

எனக்கு இன்றைக்கும் பயம் இரட்டை அளவுதான். .38 கோது 1898இல் கரிமருந்துக்காக வந்தது, கரிமருந்து கோதை நிரப்பிவிடும். இப்போதைய புகையில்லா மருந்து அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டாம் தரம் போட்டாலும் வழியாது. அதனால் 50 கோதையும் துளைப்பலகையில் நிறுத்தி, டோர்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்த பிறகுதான் ஈயத்தை வைப்பேன். நிறுப்பது கிரெய்ன் கணக்கில், ஒரு றாத்தலுக்கு 7000 கிரெய்ன். அளவு மருந்துக் கம்பனியின் புத்தகத்திலிருந்து மட்டும். வீடியோவிலிருந்து ஒருநாளும் இல்லை.

யுனீக்கை 12 போருக்கும் போடுகிறார்கள்தான். ஆனால் கோது, மருந்தைப் பற்றவைக்கிற தொப்பி, மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவே வைக்கிற தக்கை, ஈயம் நாலும் புத்தகத்தில் சொன்னதாகவே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் மாறும். உன் ஊதிப்போன கடதாசிக் கோதுக்கு எந்தப் புத்தகமும் இல்லை.

மாமா, தாண்டியடி:
மனே, எனக்கு மருந்தை விட அந்தப் புஸ்தான் நெஞ்சில் இடிக்கிறது. அதற்குப் பிறகு குழலுக்குள் பார்த்தாயா? சத்தம் குறைந்தால் ஈயமோ தக்கையோ உள்ளேயே நின்றிருக்கும். அதன் மேல் அடுத்ததை அடித்தால் குழல் கிழியும். எங்கள் வட்டையில் ஒருவருக்கு அப்படித்தான் இடது கையில் இரண்டு விரல் போனது. துண்டில் சுற்றிக்கொண்டு உழவு மெசினில் ஏற்றிப்போனது நான்தான்.

இன்னொன்று. வீட்டில் மருந்து நிரப்ப இங்கே உனக்கு அனுமதி இல்லை. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் இருக்கிறது. லைசென்ஸ் துவக்குக்குத்தான், மருந்துக்கு இல்லை. உதிரி மருந்து வாடியில் கிடந்தால் யாராவது எடுத்து ஹக்கப்பட்டாஸ், அதுதான் தீனிக்குள் மறைத்து வைக்கிற வாய்வெடி, கட்டுவான், வாய் கிழிந்த யானைக் குட்டியைப் பார்க்க உனக்கு மனம் வருமா?

வட்டைக்காரன்:
மாமா, இப்போதுதான் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத் துவக்கை மடித்து, குழலைக் கழற்றி, பின்பக்கத்தால் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வட்டமாக வெளிச்சம் தெரியவில்லை. பாதியில் கறுப்பாக அடைத்து நிற்கிறது. அன்றிரவு அடுத்த தோட்டா என் கையில்தான் இருந்தது. பன்றி ஓடிவிட்டதால் போடவில்லை.

படுவான்கரையான், ஸ்காபரோ:
கடவுளே. கம்பியால் குத்தாதே, தண்ணீர் ஊற்றாதே. குழலைத் தனியாகவே வை. லைசென்ஸ் உள்ள திருத்துநரிடம் லைசென்ஸ் புத்தகத்தோடு கொண்டுபோ.

மாமா, தாண்டியடி:
ஊதின 9 தோட்டாவையும் வெட்டிப் பார்க்காதே, எரிக்காதே. பொலிசுக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கொண்டுபோய்க் கொடு. புதியதை அனுமதி எடுத்துக் கடையில் வாங்கு, பிளாஸ்டிக் கோதாகப் பார்த்து. இறுக மூடுகிற டின்னில் போட்டு வீட்டுக்குள் வை. வாடிக் கூரையில் சொருகாதே, ஈரம் அங்கேதான் ஏறுகிறது.

வட்டைக்காரன்:
சரி மாமா. குழலைச் சாக்கில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலையில் போகிறேன். இன்றிரவு மச்சானும் நானும் பரணில், தகரமும் டோர்ச்சும்தான்.