மறு: காமன் ஆக்சஸ் கார்டு – 'பொது அணுகல் அட்டை' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அடையாள அட்டை பற்றிய கட்டுரைக்குச் சொல் கேட்டு அம்மா ஒருவர் எழுதப்போய், இழை நாலா பக்கமும் கிளைத்துவிட்டது. உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மின்னணுச் சில்லு (சிப்) பதித்த ஸ்மார்ட் கார்டு என்ற வகைக்கு என்ன சொல் என்பது ஒன்று. அந்த வகையைச் சேர்ந்த, அமெரிக்கப் படையினர் கழுத்தில் தொங்கும் காமன் ஆக்சஸ் கார்டு என்ற ஒரு குறிப்பிட்ட அட்டையை எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டு உலுக்குவதால்தான் பேச்சு நகரவில்லை. தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

> திறன்பேசி நிலைத்துவிட்டது. அதே தடத்தில் திறன் அட்டை என்று வைத்துவிட்டுப் போகலாமே. செய்தித்தாள்களிலும் அப்படித்தான் வருகிறது.

வருகிறது, மறுக்கவில்லை. பொதுச் செய்திக்கு அது போதும் என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் எழுதுவது, அட்டைக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கும் தொழில்நுட்பக் கட்டுரை. அங்கே 'திறன்' ஒரு தகவலையும் தருவதில்லை. ஸ்மார்ட் என்பதே விற்பனைக்காரர்களின் சொல். இந்த அட்டை பிறந்த நாடுகளில் அதை அப்படி அழைக்கவில்லை. 1968-ல் ஜெர்மனியில் ஹெல்முட் குரோட்ரூப், யூர்கன் டெத்லோஃப் இருவரும் அட்டைக்குள் மின்சுற்றை வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். (குரோட்ரூப் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வி-2 ஏவுகணைத் திட்டத்தில் வேலை பார்த்தவர். போர் முடிந்தபின் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1953-ல் திரும்பியவர். படைத்துறை அட்டை பற்றிய கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.) 1974-ல் பிரான்சில் ரோலான் மொரேனோ நினைவகம் கொண்ட அட்டைக்குக் காப்புரிமை கோரினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மிஷேல் உகோன் நுண்செயலியையே உள்ளே வைத்தார். ஜெர்மானியர்கள் இதைச் 'சிப்கார்டே' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'கார்ட் ஆ ப்யூஸ்' என்கிறார்கள். ப்யூஸ் என்றால் தெள்ளுப்பூச்சி, சில்லுக்கு அவர்கள் வைத்த பெயர் அதுதான். இரண்டு மொழிகளும் உள்ளே இருக்கும் பொருளைச் சொல்லிப் பெயர் வைத்தன. அதனால் என் வாக்கு 'சில்லட்டை'க்கு.

> ஈழத்தில் சில்லு என்றால் சக்கரம் ஐயா. சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. சில்லட்டை என்றால் எங்கள் காதில் வேறு மாதிரி விழும்.

நியாயமான தடை, இதை ஒதுக்க முடியாது. கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் 'நுண்சில்லு அட்டை' என்று முழுதாக எழுதி, அதன்பின் சில்லட்டை என்று சுருக்கலாம் என்று நினைக்கிறேன். நுண்சில்லு என்றால் சக்கரம் நினைவுக்கு வராது அல்லவா? இதில் இன்னொரு வசதியும் உண்டு. சில்லு உள்ள எல்லா அட்டையும் கணக்குப் போடுவதில்லை. பழைய தொலைபேசி அட்டைகளில் இருந்தது வெறும் நினைவகம். படைத்துறை அட்டையில் இருப்பது செயலி. முன்னதை நினைவகச் சில்லட்டை, பின்னதைச் செயலிச் சில்லட்டை என்று பிரிக்கலாம். 'திறன் அட்டை'யை இப்படிப் பிரிக்கப் போனால் திறனுள்ள திறன் அட்டை, திறனில்லாத திறன் அட்டை என்று நிற்க வேண்டிவரும்.

> காமன் ஆக்சஸ் கார்டு = பொது அணுகல் அட்டை. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது. இதில் என்ன விவாதம்?

சொல்லுக்குச் சொல் சரிதான். பொருள் தலைகீழ். பொது நூலகம், பொது வழி, பொதுக் கூட்டம் என்று படித்துப் பழகிய கண்ணுக்குப் 'பொது அணுகல் அட்டை' என்றால் யார் வேண்டுமானாலும் நுழைய உதவும் அட்டை என்றுதான் படும். உலகத்திலேயே மிகக் கண்டிப்பாகக் காவல் காக்கப்படும் வாயில்களில் காட்டும் அட்டைக்கு இந்தப் பெயரா? போதாக்குறைக்கு அதே கட்டுரையில் இரண்டு பத்தி தள்ளிப் 'பொதுச் சாவி' (பப்ளிக் கீ) வரப்போகிறது. அங்கே பொது என்பது உண்மையாகவே ஊரறியக் கொடுப்பதைக் குறிக்கும். ஒரே பக்கத்தில் ஒரு சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு வேலை கொடுத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இந்த அட்டையில் எது 'காமன்' என்று பார்ப்போம். 1990-களில் ஹவாயில் பட்டைக்கோடு, காந்தப் பட்டை, சில்லு எல்லாவற்றையும் ஒரே அட்டையில் சேர்த்துச் சோதித்தார்கள். 1999 நவம்பரில் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் ஜான் ஹாம்ரே, துறை முழுவதற்கும் ஒரே சில்லட்டை என்று ஆணை பிறப்பித்தார். அடுத்த ஆண்டே வழங்கத் தொடங்கினார்கள். தரைப்படை, கடற்படை, வான்படை, மரைன் படை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. படைவீரர், குடிமைப் பணியாளர், தகுதியுள்ள ஒப்பந்தப் பணியாளர் மூவருக்கும் அதே அட்டை. அடையாளம் காட்ட, கட்டடத்துக்குள் போக, கணினிக்குள் போக என்று மூன்று வேலைக்கும் அதே அட்டை. ஆக இங்கே காமன் என்பது பலதும் ஒன்றில் கூடியிருப்பதைச் சொல்கிறது. 'ஒருங்கு' என்ற அடை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது ஆக்சஸ். 'அணுகல்' வலைத்தள உலகத்தில் வேரூன்றிவிட்டது என்பது தெரியும். ஆனால் கேட்டைத் தாண்டி முகாமுக்குள் போவதை யாரும் அணுகுவது என்று சொல்வதில்லை, நுழைவது என்றே சொல்கிறோம். கணினியிலும் 'உள்நுழைக' என்ற பொத்தானை நாம் அழுத்திப் பழகிவிட்டோம். கதவுக்கும் கணினிக்கும் சேர்த்தே கையிலிருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது? அந்தத் துறையினர் இவ்விரண்டையும் பிசிகல் ஆக்சஸ், லாஜிக்கல் ஆக்சஸ் என்று பிரிப்பார்கள். இந்த இழையில் ஒருவர் பின்னதற்குத் 'தருக்க அணுகல்' என்று எழுதியிருந்தார். தருக்கம் பேசி உள்ளே போவது போல இருக்கிறது. வாயில் நுழைவு, கணினி நுழைவு என்று வைத்தால் விளக்கமே தேவையில்லை.

ஆகவே 'ஒருங்கு நுழைவட்டை'. சுருக்கம் வேண்டுமென்றால் சிஏசி என்றே எழுதலாம். அங்கே அதைக் 'கேக்' என்று உச்சரிக்கிறார்கள், அதைத் தமிழில் எழுதினால் பிறந்தநாள் விழாவுக்குப் போய்விடும்.

> நுழைவட்டை என்று சொன்னால் அடையாள அட்டை என்ற பொருள் போய்விடுகிறதே. படைவீரனுக்கு முதல் தேவை அதுதானே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் விஷயம் இங்கேதான் ஆழமாகிறது. நீங்கள் சொல்வது சரி. இந்த அட்டை படைவீரருக்கு ஜெனீவா உடன்படிக்கைப்படியான அடையாள அட்டையும்கூட. போர்க்கைதிகள் பற்றிய 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, பிடிபடக்கூடிய ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி உள்ள அட்டை தரவேண்டும் என்கிறது. இயன்றவரை 6.5-க்கு 10 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும் என்றுகூடச் சொல்கிறது. (சில்லட்டை அதைவிடச் சிறியது. வங்கி அட்டைகளின் அதே 85.6-க்கு 54 மில்லிமீட்டர் அளவுதான்.) கேட்டால் கைதி அட்டையைக் காட்ட வேண்டும், ஆனால் எந்த நிலையிலும் அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் முக்கியமான வரி.

இப்போது யோசியுங்கள். அதே அட்டை கணினி வலையமைப்பின் சாவியும்கூட. ஆள் எதிரி கையில் சிக்கிய தகவல் தெரிந்ததும் சாவியை முடக்கியாக வேண்டும். அடையாள அட்டையோ அவரோடு இருந்தாக வேண்டும். இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்றால், முடக்கப்படுவது அட்டைக்குள் இருக்கும் மின்சான்றிதழ், அதாவது இந்தச் சாவி இன்னாருடையது என்று உறுதி சொல்லும் மின்னணு ஆவணம். பிளாஸ்டிக்கும் அதன்மேல் அச்சிட்ட பெயரும் படமும் அப்படியே செல்லும். ஆகையால் ரிவோக் என்பதற்கு 'அட்டையைச் செல்லாததாக்குதல்' என்று வரைவில் இருப்பதை மாற்ற வேண்டும். சான்றிதழ்தான் செல்லாமல் போகிறது. 'சான்றிதழ் முடக்கம்' என்று எழுதுவோம். முடக்கிய சான்றிதழ்களின் பட்டியலை வலையமைப்பில் இருக்கும் கணினிகள் பார்த்துக்கொள்ளும், அட்டைக்கே போய் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பெயருக்குள் எல்லா வேலைகளையும் திணிக்க முடியாது. ஆங்கிலப் பெயரிலும் 'அடையாளம்' இல்லை. ஆனால் கட்டுரையின் உள்ளே மூன்று செயல்களுக்கு மூன்று சொல் கட்டாயம் வேண்டும். இப்போதைய வரைவில் மூன்றுக்கும் 'அடையாளம் காணல்' என்றே இருக்கிறது. நான் இன்னார் என்று சொல்வது அடையாளம். அது உண்மைதானா என்று பார்ப்பது மெய்ப்பிப்பு. மெய் என்று தெரிந்தபின் எதுவரை போகலாம் என்று முடிவு செய்வது அனுமதிப்பு. அட்டை செய்வது முதல் இரண்டுதான். மூன்றாவது, அட்டையைக் கேட்கிற கதவோ கணினியோ செய்யும் வேலை. அட்டை கையில் இருந்துவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும் என்று எழுதிவிடாதீர்கள். அட்டையின் மேல் உள்ள வண்ணக் கோடும் காவலரின் கண்ணுக்குத்தான்: ஒப்பந்தப் பணியாளருக்குப் பச்சை, வெளிநாட்டவருக்கு நீலம்.

மெய்ப்பிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் இரண்டு வரியில் சேர்க்க வேண்டும். அட்டையை வாசிப்பானில் செருகி ஆறு முதல் எட்டு இலக்கம் வரை உள்ள பின் எண்ணை அடித்தால், சில்லு தன்னுள்ளே இருக்கும் மறைச்சாவியை, அதாவது பொதுச் சாவிக்கு இணையான ரகசிய எண்ணைக் கொண்டு, கணக்கைப் போட்டு விடையை மட்டும் வெளியே தரும். சாவி வெளியே வராது. மூன்று முறை பின் எண்ணைத் தப்பாக அடித்தால் அட்டை பூட்டிக்கொள்ளும். சரி, இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பெரும்பாலான கட்டுரைகள் அதைத் தவறவிடுகின்றன. கையொப்பத்துக்கான மறைச்சாவிக்கு நகல் கிடையாது. ஆனால் பூட்டிய மின்னஞ்சலைத் திறக்கும் மறைச்சாவிக்குத் துறையின் பொறுப்பில் ஒரு நகல் உண்டு. இல்லாவிட்டால் அட்டை தொலைந்த அன்றே பழைய அஞ்சல்கள் எல்லாம் யாரும் படிக்க முடியாதவையாகிவிடும். எஸ்க்ரோ என்ற இந்த ஏற்பாட்டுக்கு 'அடைக்கலச் சாவி' என்று முன்மொழிகிறேன். ஒருவரிடம் நம்பி ஒப்படைத்த பொருளை அடைக்கலப் பொருள் என்று சொல்வது தமிழில் பழைய வழக்கு, புதிதாக எதையும் செதுக்க வேண்டியதில்லை.

> நுண்ணறி அட்டை என்று வைத்தால் என்ன? அறிவுள்ள அட்டைதானே இது.

இதற்கு 2012 ஜனவரியில் வெளியான செய்தியே பதில். சைகிபாட் என்ற தீநிரலின் ஒரு வடிவம், இந்த அட்டைகளைப் பயன்படுத்தும் கணினிகளைக் குறிவைத்தது. விசைப்பலகையில் அடிக்கும் பின் எண்ணைத் திருடிக்கொண்டு, அட்டை வாசிப்பானில் செருகியிருக்கும் நேரமாகப் பார்த்து அதன் பெயரில் உள்ளே நுழையும். சில்லை யாரும் உடைக்கவில்லை, சாவியை நகலெடுக்கவும் இல்லை. சரியான பின் எண்ணோடு வந்த கோரிக்கைக்கு அட்டை விதிப்படி விடை சொன்னது, அவ்வளவே. கேட்பவர் யார் என்று அறியும் அறிவு அதற்குக் கிடையாது. 'நுண்ணறி' என்று பெயர் வைத்துவிட்டு இந்தச் சம்பவத்தை விளக்க முயன்று பாருங்கள்.

அதற்காக அட்டை பயனற்றது என்ற தொனியும் கட்டுரையில் வேண்டாம். வெறும் கடவுச்சொல்லை விட்டு அட்டை வழி நுழைவைக் கட்டாயமாக்கியபின் வலையமைப்புக்குள் நடந்த ஊடுருவல்கள் ஓராண்டில் 46 விழுக்காடு குறைந்ததாக, வலையமைப்புப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரல் சார்ல்ஸ் குரூம் 2007-ல் சொன்னார். 2016-ல் துறையின் தகவல் தலைமை அலுவலர் டெரி ஹால்வர்சன், இரண்டு ஆண்டுகளில் இந்த அட்டையை விட்டுவிட்டு வேறு வழிக்குப் போகப்போவதாக அறிவித்தார். இரண்டு ஆண்டு கடந்தும் அட்டை போகவில்லை. வரைவில் 'இப்போது வழக்கொழிந்த' என்று இருப்பதை எடுத்துவிடுங்கள்.

சின்னத் திருத்தம் ஒன்று. அட்டையில் சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும், வங்கியிலும் கேட்கப்படும் எண்) அச்சிடப்படும் என்று வரைவு சொல்கிறது. 2011 முதல் அதை நீக்கிவிட்டுப் பத்து இலக்கத் துறை அடையாள எண்ணைப் போடுகிறார்கள். அட்டையைத் தொலைத்தவரின் வங்கிக் கணக்கு வரை ஆபத்து போகக் கூடாது என்பதுதான் காரணம்.

சொற்பட்டியலில் ஒருங்கு நுழைவட்டை, மெய்ப்பிப்பு, அனுமதிப்பு, சான்றிதழ் முடக்கம், அடைக்கலச் சாவி ஐந்தையும் இப்போதே ஏற்றிவிடலாம் என்பது என் கருத்து. சில்லட்டையை மட்டும் நிறுத்திவைக்கிறேன். நுண்சில்லு அட்டை என்று தொடங்கிச் சில்லட்டை என்று சுருக்குவது ஈழத்து நண்பர்களுக்குச் சரிப்படுமா என்று அவர்களே சொல்லட்டும். சரிப்படாவிட்டால் 'சிப் அட்டை' என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

அன்புடன்.